ஒரே சரிவு, ஒரே மான்

உயர்மலை விலங்குகள் – தொடர் கட்டுரை

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேட்டையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு வகைக் கதை அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும். பெரிய கொம்புகளை உடைய ஆண்மான் ஒன்று ஒரு செப்டம்பரில் தொலைவில் தென்படும். வேட்டைக்காரர் நெருங்குவதற்குள் காணாமற்போகும். மறு ஆண்டு அதே மலையில் மீண்டும் கண்ணில் பட்டு மீண்டும் நழுவும். இப்படியே நான்கைந்து பருவங்கள் கழியும். இக்கதைகளில் மானுக்குச் சூழ்ச்சியும் தந்திரமும் தாராளமாக ஏற்றிச் சொல்லப்படுகின்றன. ஆனால் மான் தப்பியதில் பெரிய புதிர் ஏதுமில்லை. தப்புவதற்கான உடலும் புலன்களும் அதற்கு உண்டு. அவ்வளவு பரந்த மலைநாட்டில், வேறு எங்கு வேண்டுமானாலும் போயிருக்கக்கூடிய விலங்கு, தன்னைத் துரத்திய மனிதரின் கண்ணெதிரே, அதே சரிவில், அடுத்த ஆண்டும் ஏன் வந்து நின்றது என்பதே விளக்கம் வேண்டுகிற கேள்வி. அதற்கான விடையில் விலங்கின் நினைவாற்றலுக்கும் இடப்பற்றுக்கும் எவ்வளவு பங்குண்டோ, ஏறக்குறைய அவ்வளவு பங்கு அரசின் உரிமச் சட்டங்களுக்கும் உண்டு.

கதைகளின் நாயகனாகிய இந்த மான், கோவேறு கழுதையின் காதுகளைப் போல நீண்டு அகன்ற காதுகளை உடையதால் மியூல் மான் எனப்படுகிறது. 1804 முதல் 1806 வரை மேற்கு நோக்கிப் பயணம் செய்த லூயிஸ்–கிளார்க் குழுவினரின் குறிப்புகளிலேயே இந்தப் பெயர் இடம்பெற்றுவிட்டது. ஓடோகொய்லியஸ் ஹெமியோனஸ் என்ற அறிவியல் பெயரின் பின்பாதியை 1817-இல் சூட்டியவர் ரஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர். அவர் இவ்விலங்கை நேரில் பார்த்து விவரித்தவர் அல்லர், லெ ரேய் என்பவருடையதாகச் சொல்லப்பட்ட பயணக்குறிப்பை நம்பி எழுதினார். அந்தப் பயணக்குறிப்பே கட்டுக்கதை என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கண்ணில் படாத மான் என்ற புகழ் இதற்குப் பெயர் வைத்த நாளிலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

நன்கு வளர்ந்த ஆண்மான் 100 கிலோவைத் தாண்டும். உடல் சாம்பல் கலந்த பழுப்பு, பிட்டம் வெள்ளை, வாலின் நுனி கறுப்பு. அமெரிக்காவின் மற்றொரு மானினமாகிய வெண்வால் மானுக்குக் கொம்பின் ஒரே தண்டிலிருந்து முனைகள் மேல்நோக்கி வரிசையாக எழும். மியூல் மானுக்கோ கொம்பு முதலில் இரண்டாகக் கவைத்து, ஒவ்வொரு கவையும் மீண்டும் இரண்டாகப் பிரியும். ஆகவே முதிர்ந்த கலைக்கு ஒரு பக்கத்தில் நான்கு முனைகள் இருப்பது இயல்பு. மேற்கத்திய வேட்டைக்காரர்கள் ஒரு பக்கத்தை மட்டுமே எண்ணி அதை 'நாலு முனை' என்பார்கள். கிழக்குப் பகுதியினர் இருபுறமும் எண்ணுவதால், அதே மான் அவர்கள் வாயில் எட்டு முனையாகிவிடும்.

மாட்டின் கொம்பு வாழ்நாள் முழுவதும் தலையிலேயே இருப்பது. மானின் கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் எலும்பு. வசந்தத்தில் முளைவிட்டு, இரத்தநாளங்கள் ஓடும் மென்தோல் போர்த்தி வளர்ந்து, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அந்தத் தோல் உரிந்து, வெற்றெலும்பாக இறுகி, இணைசேரும் பருவம் முடிந்த குளிர்காலத்தில் ஆண்மைச் சுரப்பு குறையும்போது அடியோடு கழன்று விழும். இப்படி ஆண்டுக்கொரு முறை புதிதாக வளரும் ஓர் உறுப்பை வைத்து, போன ஆண்டு பார்த்த மான்தான் இது என்று எப்படி அறுதியிடுவது? கொம்பின் அளவு மாறினாலும் அதன் அமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை என்பதே வேட்டைக்காரர்களின் ஆதாரம். இடப்பக்கப் பின்கவை குட்டையாக இருந்தால் மறு ஆண்டும் குட்டையாகவே வரும். அடித்தண்டின் வெளிப்புறத்தில் கூடுதலாக ஒரு முள் துருத்தினால் அதே இடத்தில் மறுபடியும் துருத்தும். ஆயினும் மென்தோல் பருவத்தில் பட்ட அடியோ, உடலில் ஏற்பட்ட காயமோ, ஊட்டக்குறைவோ அமைப்பைக் குலைத்துவிடக்கூடும் என்பதால், இந்த அடையாளம் கைரேகைக்கு ஈடான சான்று ஆகாது. கதைகளில் வரும் 'அதே மான்'களில் கணிசமானவை, அதே மானாக இருக்க வேண்டும் என்ற ஆசையால் ஒன்றாக்கப்பட்டவை என்று ஐயுற இடமுண்டு.

இதைவிட உறுதியான சான்று உதிர்ந்த கொம்புகள். வையோமிங் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், குளிரில் மெலிந்து கிடக்கும் மான்களை மனிதர்கள் கலைத்து ஓடவைத்துவிடக் கூடாது என்பதற்காக, ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை பொதுநிலங்களில் கொம்பு பொறுக்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. மே மாதத்தில் தடை விலகியதும் மக்கள் குதிரைகளோடும் நாய்களோடும் சரிவுகளில் ஏறிவிடுகிறார்கள். ஒரே மான் அடுத்தடுத்த ஆண்டுகளில் உதிர்த்த இணைகளைத் தேடிச் சேர்த்து வரிசையாக அடுக்கி வைத்திருப்பவர்கள் அங்கு உண்டு. இத்தகைய வரிசையில் கடைசியாகக் கிடைத்த இணை, அந்த மான் முந்தைய வேட்டைப்பருவத்தைக் கடந்து உயிரோடு இருந்தது என்பதற்கு மறுக்கமுடியாத அத்தாட்சி.

வையோமிங் மலைத்தொடர் என்றே பெயர்பெற்ற, அம்மாநிலத்தின் மேற்கு ஓரத்து மலைகளில் வாழும் மான்கூட்டம் இவ்வினத்திலேயே மிக நுணுக்கமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. வையோமிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் மான்டீத் தலைமையிலான குழுவினர் 2013 முதல் இங்கு மான்களை ஹெலிகாப்டரிலிருந்து வலைவீசிப் பிடித்து, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டி, மீயொலிக் கருவியால் உடற்கொழுப்பை அளந்து விடுவித்து, அதே மான்களை மீண்டும் மீண்டும் பிடித்து வருகின்றனர். கோடையில் உயர்ந்த மலைப்பள்ளங்களிலும் குளிர்காலத்தில் தாழ்ந்த சேஜ்பிரஷ் புதர்வெளிகளிலும் வாழும் இம்மான்கள் இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கு இருமுறை நடக்கின்றன. மாநிலத்தின் வேறொரு பகுதியில், செம்பாலை எனப்படும் ரெட் டெசர்ட்டிலிருந்து ஹோபேக் பள்ளத்தாக்கு வரை சுமார் 240 கிலோமீட்டர் நீளும் ஒரு வலசைப்பாதையை ஹால் சாயர் என்ற உயிரியலாளர் கண்டறிந்து 2014-இல் வெளியிட்டார். 255 என்ற எண்ணால் அறியப்பட்ட பெண்மான் ஒன்று அதையும் கடந்து ஐடாஹோ மாநிலம் வரை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 390 கிலோமீட்டர் நடந்தது பின்னர் தெரியவந்தது.

தொலைவைக் காட்டிலும் இங்கு முக்கியமானது மான்களின் பிடிவாதம். சாயரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, மியூல் மான்கள் ஆண்டுக்காண்டு தம் பழைய பாதையையே மிக இறுக்கமாகப் பின்பற்றுகின்றன என்றும், சூழல் மாறினாலும் பாதையை மாற்றிக்கொள்ளும் நெகிழ்ச்சி அவற்றுக்கு மிகக் குறைவு என்றும் காட்டியது. அதே ஆண்டில் ஜெரோட் மெர்க்கில் முதலானோர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வலசையின் திசையைத் தீர்மானிப்பதில் அப்போதைய பசுமையைவிட முந்தைய ஆண்டுப் பயணத்தின் நினைவுக்கே பெரிய பங்கு உண்டு என்றது. மற்றொரு மானினமாகிய எல்க் ஓரிடத்தில் துன்பப்பட்டால் அடுத்த பள்ளத்தாக்குக்குப் பெயர்ந்துவிடும். மியூல் மான் பெயராது, தெரிந்த இடத்திலேயே இன்னும் நன்றாக ஒளியக் கற்றுக்கொள்ளும். ஆகவே மறுசந்திப்பு என்பது தற்செயலும் அன்று, விதியும் அன்று. மானின் இடப்பற்று அதற்குப் பாதிக் காரணம்.

மறுபாதிக் காரணம் மனிதர் பக்கம் உள்ளது. வையோமிங்கில் வசிப்பவர் பொது மான் உரிமத்தை ஆண்டுதோறும் கடையில் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வெளிமாநிலத்தவர் வட்டார வாரியாகக் குலுக்கலில் தேர்வாக வேண்டும், பெயர்போன வட்டாரங்களுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கவும் நேரும். குலுக்கலில் தோற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்றாகப் புள்ளிகள் சேர்ந்து, பின்வரும் குலுக்கல்களில் முன்னுரிமை தரும் ஏற்பாடு மேற்கு மாநிலங்கள் பலவற்றில் உண்டு. ஆகவே ஒரே மானை ஐந்து ஆண்டுகள் தொடரும் கதை பெரும்பாலும் உள்ளூர்க்காரரின் கதை. வெளியூர்க்காரருக்கு ஒரு மலையை ஒருமுறை பார்ப்பதே அரிது. வேட்டை இதழ்கள் பொறுமையையும் விடாமுயற்சியையும் புகழ்ந்து எழுதும்போது, அந்தப் பொறுமைக்கு அடியில் இருக்கும் வசிப்பிடச் சான்றிதழைக் குறிப்பிட மறந்துவிடுகின்றன.

இனி அந்தச் சரிவு. செப்டம்பர் நடுவில் இம்மலைகளில் துப்பாக்கி வேட்டை தொடங்கும்போது, ஆண்மான்கள் கொம்பின் தோலை உரித்துச் சில நாட்களே ஆகியிருக்கும். கோடையெல்லாம் சிறு கூட்டங்களாகத் திறந்தவெளியில் மேய்ந்தவை, தோல் உரிந்த கையோடு கலைந்து, ஒளியும் இடங்களை நாடத் தொடங்குகின்றன. முதிர்ந்த கலை பகலில் படுக்கும் இடம் பெரும்பாலும் சரிவின் மேற்பகுதியில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, தனித்து நிற்கும் ஃபிர் மரத்தடியிலோ பாறை விளிம்பின் நிழலிலோ அமைந்திருக்கும். அருகில் போய்ப் பார்த்தால், சரளையை ஒதுக்கி மண்ணை வழித்தெடுத்த நீள்வட்டப் பள்ளம் ஒன்று, அதில் சாம்பல்நிறப் புழுதி, ஓரத்தில் காய்ந்த புழுக்கை, மரப்பட்டையில் கொம்பு உரசிய தழும்பு. ஒரே மரத்தைச் சுற்றி இத்தகைய பள்ளங்கள் இரண்டு மூன்று இருப்பதும் உண்டு: காலையில் நிழல் மேற்கே விழும்போது ஒன்று, பிற்பகலில் கிழக்கே சாயும்போது மற்றொன்று. வெயில் முதுகில் ஏறியதும் மான் எழுந்து, உடலை நெளித்து, சிறுநீர் கழித்து, இரண்டு வாய் இலை கடித்து, நாலு அடி தள்ளி மறுபடியும் படுத்துவிடும். எதிர்ச் சரிவில் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியோடு விடியலிலிருந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நாளில் கிடைக்கும் காட்சி சில நேரங்களில் இந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. அப்போது அவர் தண்ணீர்ப்புட்டியைத் திறந்துகொண்டிருந்தால், அந்தச் சரிவில் மானே இல்லை என்று முடிவுகட்டிவிட்டுப் போவார்.

படுக்கை அங்கே அமைவதற்குக் காற்றே காரணம். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழ்நோக்கி வழிகிறது. காலை வெயில் சரிவைச் சுட்டதும் காற்று இலேசாகி மேல்நோக்கி ஏறத் தொடங்குகிறது. மாலையில் திரும்பவும் இறங்குகிறது. சரிவின் மேற்பகுதியில் படுத்திருக்கும் மானுக்குப் பகலெல்லாம் கீழேயுள்ள பள்ளத்தாக்கின் வாடை மூக்குக்கு வந்து சேர்கிறது, கண்ணும் கீழ்நோக்கியே இருக்கிறது. முதுகுப்புறத்திலிருந்து வீசும் பொதுக்காற்று முகட்டுக்கு அப்பால் நடப்பதை அறிவிக்கிறது. ஏறும் காற்று நிலைப்பட்ட பிறகு மேலிருந்தோ பக்கவாட்டிலோ நெருங்குவது ஒன்றே வேட்டைக்காரருக்கு மிஞ்சும் வழி. அப்போது மேகத்துண்டு ஒன்று சூரியனை மறைத்தால் போதும், சரிவு குளிர்ந்து, ஏறிய காற்று சற்றே தயங்கிக் கீழே விழுந்து, அதுவரை மேலே போய்க்கொண்டிருந்த மனித வாடையை நேராக மானின் மேல் கொட்டிவிடும். மூன்று மணி நேரத்து ஊர்தல் ஒரு மேகத்தால் வீணாவது இம்மலைகளில் அன்றாட நிகழ்ச்சி. அதைத்தான் கதைகள் மானின் தந்திரம் என்கின்றன.

பார்வையைப் பொறுத்தவரை மானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுவதையும் அது காண்கிறது. அசைவை உடனே பிடிக்கும், அசையாப் பொருளைப் பிரித்தறிவதில் அவ்வளவு கூர்மை இல்லை. சிவப்பை உணரும் கூம்புச் செல்கள் மான்களுக்கு இல்லை. ஆதலால் வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடாதிருக்க வையோமிங் சட்டப்படி அணியும் ஒளிர் ஆரஞ்சு உடை மனிதக் கண்ணைக் குத்துமே தவிர, மானின் கண்ணுக்கு மங்கலாகவே படும்.

நெருங்கும் முறைக்கு வருவோம். எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தபோது தெளிவாகத் தெரிந்த ஒற்றை ஃபிர் மரம், சுற்றிவளைத்து முகட்டுக்கு மேல் வந்து குனிந்து பார்க்கும்போது ஆறு மரங்களாகிவிடுகிறது. எந்த மரத்தடியில் மான் படுத்திருந்தது என்பதை முன்கூட்டியே படமெடுத்தோ வரைந்தோ வைத்திராதவர் அங்கேயே தோற்றார். கடைசித் தொலைவில் காலணிகளைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பளிக் காலுறையோடு சரளையில் அடி வைப்பது வில் வேட்டைக்காரர்களின் பழக்கம், ஏனெனில் அவர்கள் நாற்பது ஐம்பது மீட்டருக்குள் போயாக வேண்டும். துப்பாக்கிக்காரருக்கு இருநூறு, முந்நூறு மீட்டரே போதும். மரத்தடியில் முதலில் புலப்படுவது மான் அன்று. ஈயை விரட்டும் காதின் நுனியோ, புல்லுக்கு மேலே நிற்கும் கொம்பின் ஒரு கவையோதான். அதையும் கண்டுவிட்டு, பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் இளம் ஆண்மானைக் கவனிக்காமல் விட்டவர்கள் பலர். முதலில் எழுந்து நிற்பது அந்த இளசு, அதைத் தொடர்ந்து பெரியது.

எழுந்த மியூல் மான் ஓடும் விதமும் தனி. நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை உதைத்து எழும்பும் துள்ளல் அது. சமவெளியில் இதைவிட விரைந்தோடும் விலங்குகள் பல உண்டு. பாறையும் விழுந்த மரங்களும் நிறைந்த செங்குத்துச் சரிவிலோ, ஒவ்வொரு துள்ளலிலும் திசைமாற்றித் தனக்கும் பகைக்கும் இடையே தடைகளைப் போட்டுக்கொண்டே போக இது உதவுகிறது என்று கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வலேரியஸ் கைஸ்ட் விளக்கினார். முகட்டைக் கடப்பதற்கு முன் ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பது இவ்வினத்தின் பழக்கம். இளம் மான்கள் சுடப்படுவது அந்த ஒரு கணத்தில்தான். முதிர்ந்த மானிடம் இப்பழக்கம் குறைவு. அதற்கும் மேலாக, அது எழுந்திராமலே இருந்துவிடுவது உண்டு: கழுத்தை நிலத்தோடு தாழ்த்திப் படுத்தபடியே மனிதர் கடந்துபோகும்வரை காத்திருக்கும்.

இது கற்றறிந்த நடத்தையா, இப்படி நடந்துகொள்ளும் மான்கள் மட்டுமே சுடப்படாமல் முதுமை அடைகின்றனவா என்பது எளிதில் தீராத கேள்வி. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண எல்க் மான்களைப் பற்றிய 2012-ஆம் ஆண்டு ஆய்வு, அதிகம் நடமாடும் துணிச்சலான மான்களே முதலில் சுடப்படுகின்றன என்று கண்டது. 2017-இல் ஏறக்குறைய அதே ஆய்வாளர்கள், பெண் எல்க் மான்கள் வயது ஏற ஏற நடமாட்டத்தைக் குறைத்துப் பாதுகாப்பான நிலப்பகுதிகளுக்கு ஒதுங்குவதையும், ஒன்பது பத்து வயதைக் கடந்தவை வேட்டைக்காரரிடம் அகப்படுவதே அரிது என்பதையும் காட்டினர். எல்க் வேறு, மியூல் மான் வேறு. ஆயினும் வடிகட்டலும் கற்றலும் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்று கொள்வது பொருந்தும்.

அக்டோபரில் முதிர்ந்த கலைகள் அடர்காட்டுக்குள் புகுந்து ஏறக்குறைய மறைந்தே போகின்றன. நவம்பரில் இணைசேரும் பருவம் வந்ததும் பெண்மான்களைத் தேடிப் பட்டப்பகலில் திறந்தவெளிக்கு வருகின்றன. அதனாலேயே வையோமிங்கின் இப்பகுதியில் பொது வேட்டை நவம்பருக்கு முன்பே முடிக்கப்படுகிறது. மிகப் பெரிய கொம்புள்ள சில ஆண்மான்கள் இணைசேர்தலிலும் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி, போரிட்டு மெலியாமல் ஆற்றலைச் சேமித்து, அதனாலேயே மறு ஆண்டு இன்னும் பெரிய கொம்பு வளர்க்கின்றன என்ற கருத்தைக் கைஸ்ட் முன்வைத்தார். அது சரியானால், வேட்டைக்காரர் ஐந்தாண்டு துரத்திய கம்பீரமான தலைவன், மானுலகத்தில் போட்டிக்கே வராத ஒதுங்கியாக இருந்திருக்கலாம்.

அண்மைக்காலத்தில் இந்தச் சந்திப்புகளின் தன்மையையே மாற்றிய பொருள், மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமரா. தண்ணீர் அரிதான வறண்ட நிலத்தில் ஒவ்வொரு குட்டையோரத்திலும் கேமராக்கள் குவிந்து, மான் எத்தனை மணிக்கு நீர் குடிக்க வருகிறது என்பது கைப்பேசிக்கே வந்துசேரத் தொடங்கியது. அரிசோனா 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்காக இவற்றைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. யூட்டாவும் நெவாடாவும் பருவகாலக் கட்டுப்பாடு விதித்துள்ளன. தியோடர் ரூஸ்வெல்ட் முதலானோர் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் வலியுறுத்தும் 'நேர்மையான துரத்தல்', அதாவது விலங்குக்குத் தப்பிக்க உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற கொள்கை, இத்தடைகளுக்கு ஆதரவாக எடுத்தாளப்பட்டது. ஏழு நாள் முன்னதாகவே மானின் நடமாட்டம் அறிந்து போய் உட்கார்வதைச் சந்திப்பு என்பதைவிட நேரம் குறித்த வரவேற்பு என்பதே பொருந்தும். தடை வந்தது நல்லதே.

இத்தனைக்கும் பிறகு, தொடர் சந்திப்புகளில் பல துப்பாக்கியால் முடிவதில்லை. குளிர்கால மேய்ச்சலுக்கு இறங்கும் மான்கள் கெம்மரர் நகருக்கு மேற்கே நக்கெட் கேன்யன் என்ற இடத்தில் 30-ஆம் எண் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது; அங்கு வேலியும் ஏழு சுரங்கவழிகளும் அமைத்த பிறகு மூன்றாண்டுகளில் 49,000 முறைக்கு மேல் மான்கள் அவற்றின் வழியாகக் கடந்தன, வாகன மோதல்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. 1967-இல் கொலராடோவில் அடைத்துவளர்த்த மியூல் மான்களிடம் முதன்முதலில் காணப்பட்ட, பிரையான் என்ற திரிந்த புரதத்தால் பரவும் நலிவு நோய், பெண்மான்களைவிட முதிர்ந்த ஆண்மான்களிடமே மிகுதி. 2022–23 குளிர்காலத்தில் வையோமிங் மலைத்தொடரில் பனி இறுகிக் கிடந்தபோது, ஆய்வுக்காகப் பட்டை கட்டப்பட்ட குட்டிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வளர்ந்த பெண்மான்களிலும் பெரும்பகுதி மடிந்தது. ஒரு தலைமுறைக் குட்டிகள் முழுதாக அழிந்தால், ஐந்தாறு ஆண்டு கழித்து அந்த மலையில் முதிர்ந்த கலைகளின் வரிசையில் ஓர் இடைவெளி விழும். அப்போது வேட்டைக்காரர்கள் மான்கள் தந்திரசாலிகளாகிவிட்டன என்று சொல்லக்கூடும்.

மான் உண்மையிலேயே வீழ்த்தப்படும்போது அதன் வயதை அறிய நம்பகமான வழி பல். கீழ்த்தாடை முன்பல்லின் வேரை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வேரைப் போர்த்தியுள்ள சிமெண்டம் என்ற படலத்தில் குளிர்காலத்துக்கு ஒன்றாக வளையங்கள் தெரியும். மொன்டானாவிலுள்ள மேட்சன்ஸ் ஆய்வகம் இந்தப் பணியையே தொழிலாகச் செய்துவருகிறது. மியூல் மானின் கொம்பு, பார்ப்பவர் நினைவில் நிற்கும் அளவுக்கு வளர நான்கு வயதாவது ஆக வேண்டும். ஏழு ஆண்டுகள் துரத்தியதாகச் சொல்லப்படும் மானின் பல்லில் பத்துக்கு அருகில் வளையங்கள் இருந்தாக வேண்டும். காட்டில் ஆண்மான் அந்த வயதை எட்டுவது மிக அரிது. ஆய்வகத்திலிருந்து வரும் தாளில் ஆறு என்று இருந்தால், அந்தக் கதைக்குள் குறைந்தது இரண்டு மான்கள் இருந்திருக்கின்றன.

(தொடரும்)